பீங்கான் நகரத்தில் ஓயாத இருமல்

பெரியவர்களுக்கு எட்டு வாரத்தைத் தாண்டியும் நிற்காத இருமல் நாட்பட்ட இருமல் எனப்படுகிறது. குழந்தைகளுக்கு இந்த எல்லை நான்கு வாரம். மூன்று வாரத்துக்குள் அடங்கிவிடும் இருமல் பெரும்பாலும் சளிக்காய்ச்சலின் மிச்சம். அதற்கு மருந்தே தேவையில்லை. எட்டு வாரத்தைத் தாண்டியதற்குக் காரணம் தேடியாக வேண்டும். பல நாடுகளின் கணக்கெடுப்புகளைத் தொகுத்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, வயதுவந்தோரில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு இத்தகைய இருமல் இருப்பதாகக் கணித்தது. ஆசிய நாடுகளில் இந்த அளவு பாதிக்கும் குறைவாகப் பதிவானது. ஆசியர்கள் குறைவாக இருமுகிறார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. இருமலைச் சொல்லத்தக்க நோயாக நினைக்காத ஊர்களில் கணக்கு எப்போதும் குறைவாகத்தான் வரும்.

இந்தியாவில் இந்த எட்டு வாரக் கணக்கை அப்படியே பின்பற்றுவது ஆபத்து. இரண்டு வாரம் தொடர்ந்து இருமினாலே காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது தேசியக் காசநோய்த் திட்டத்தின் விதி. ஆகவே இங்கே நாட்பட்ட இருமலுக்கான தேடல் இரண்டாவது வாரத்திலேயே தொடங்குகிறது.

கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலத்தில் வழக்கமான காரணங்களோடு இன்னொன்றும் சேர்கிறது. பழமலைநாதர் கோயிலுக்கும் ரயில் சந்திப்புக்கும் பெயர்பெற்ற இந்த ஊரைப் பீங்கான் நகரம் என்றும் சொல்வார்கள். இங்குள்ள செராமிக் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளிலிருந்து அகல் விளக்கு, கொலு பொம்மை, மின்சார இன்சுலேட்டர், மீட்டர் பெட்டியில் செருகும் ஃபியூஸ் கேரியர் எனப் பலவும் வெளியூர்களுக்குப் போகின்றன. பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே டிப்ளமோ படிப்பு நடத்தும் அரசு நிறுவனமும் இங்கே உண்டு. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள மண்ணில் வெள்ளைக்களி கிடைத்ததும் இப்பகுதியில் பீங்கான் தொழில் வளரக் கைகொடுத்தது. களியைத் தொட்டு வேலை செய்யும் ஊரில் இருமலுக்குக் காரணம் தேடுபவர், அந்தக் களியிலிருந்து எழும் தூசியை விட்டுவிட்டுத் தேட முடியாது.

தூசி எங்கே எழுகிறது

பீங்கான் என்பது வெறும் களிமண் இல்லை. பாடப்புத்தகக் கலவையில் பாதி வெள்ளைக்களி, கால் பங்கு ஃபெல்ஸ்பார், கால் பங்கு குவார்ட்ஸ் எனும் படிகக்கல் இருக்கும். களி உருவம் தருகிறது. சூளையில் ஃபெல்ஸ்பார் உருகி எல்லாவற்றையும் ஒட்டவைக்கிறது. குவார்ட்ஸ்தான் பொருள் வளையாமல் நிற்க எலும்பாக இருக்கிறது. படிக வடிவச் சிலிக்கா என்பது இந்தக் குவார்ட்ஸ்தான். நுரையீரலுக்குத் தீங்கு செய்வதும் அதுவே.

வேலையின் முதல் கட்டத்தில் மூட்டை மூட்டையாக வரும் படிகக்கல் பொடியும் ஃபெல்ஸ்பார் பொடியும் பால்மில் எனும் அரவை உருளையில் கொட்டப்படுகின்றன. மூட்டையைப் பிரித்துக் கொட்டும் அந்தச் சில நிமிடங்களில் புகைமண்டலம்போலத் தூசி கிளம்பும். தண்ணீர் சேர்த்து மில் சுற்றத் தொடங்கியதும் தூசி அடங்கிவிடும். அதன்பின் கலவை கூழாகி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுகளில் ஊற்றப்படும்வரை ஆபத்து குறைவு. ஈரமாக இருக்கும் களி யாருடைய நுரையீரலுக்கும் போவதில்லை.

பிரச்சினை உலர்ந்த பிறகு திரும்புகிறது. அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பொம்மையின் பக்கவாட்டில், இரண்டு அச்சுப் பாதிகள் சேர்ந்த இடத்தில், ஒரு மெல்லிய விளிம்பு நிற்கும். அதைக் கத்தியால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். ஃபியூஸ் கேரியர் போன்ற மின்சாரச் சாமான்கள் கூழாக ஊற்றப்படுவதில்லை. லேசான ஈரப்பதமுள்ள பொடியாக அச்சு இயந்திரத்தில் அழுத்தப்படுகின்றன. காய்ந்ததும் ஒவ்வொரு துண்டின் பிசிறையும் எடுத்து, திருகாணித் துளைக்குள் தங்கிய பொடியைத் தட்டியோ வாயால் ஊதியோ வெளியேற்ற வேண்டும். ஊதியவர் அடுத்த மூச்சை உள்ளே இழுக்கும்போது அந்தப் பொடி அவர் முகத்துக்கு எதிரிலேயே மிதந்துகொண்டிருக்கும். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசிய வேலையாக இருந்தால் நிதானத்துக்கும் இடமில்லை. பட்டறையில் தூசி மிகுந்த வேலை இந்தப் பிசிறு எடுப்புதான். ஆனால் உட்கார்ந்து செய்யும் வேலை என்பதால், எளிதான வேலை என்ற பெயர் அதற்கு.

கிளேஸ் எனும் கண்ணாடிப் பூச்சைத் தெளிப்பானால் அடிக்கும் இடம், சூளைக்குள் சாமான் அடுக்கி இறக்கும் இடம், மாலையில் தென்னந்துடைப்பத்தால் தரையைப் பெருக்கும் நேரம் ஆகியவை அடுத்த நிலையில் வருகின்றன. தரையில் சிந்திய கூழ் காய்ந்து, காலடியில் நொறுங்கி, பெருக்கும்போது மீண்டும் காற்றில் ஏறுகிறது. தொழிலாளியின் துணியும் ஒரு தூசிக் கிடங்கு. அதை வீட்டு வாசலில் உதறினால் வீட்டிலிருப்பவர்களுக்கும் பங்கு கிடைக்கும்.

கண்ணில் தெரியும் தூசியில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியோடு வெளியேறிவிடும். நுரையீரலின் அடி வரை போவது ஐந்து மைக்ரானுக்கும் குறைந்த துகள், அதாவது தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்கைவிடச் சிறியது. அது கண்ணுக்குத் தெரியாது. அசையாத காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். முகத்தில் கட்டும் துண்டு பெரிய தூசியை நிறுத்திவிட்டு இந்தத் துகளை உள்ளே விட்டுவிடுகிறது. துண்டில் படிந்த வெள்ளையைப் பார்த்து அது வேலை செய்கிறது என்று நம்புவதுதான் பட்டறைகளில் நிலவும் மிக ஆபத்தான நம்பிக்கை.

நுரையீரலில் நடப்பது

காற்றுப்பைகளை வந்தடைந்த சிலிக்காத் துகளைக் காவல் செல்கள் விழுங்குகின்றன. ஆனால் செரிக்க முடியாமல் செத்துப்போகின்றன. அவை வெளியிடும் வேதிப்பொருள்கள் அழற்சியை உண்டாக்க, விடுபட்ட துகளை அடுத்த செல் விழுங்க, இந்தச் சுற்று நிற்பதே இல்லை. அந்த இடங்களில் தழும்பு முடிச்சுகள் உருவாகின்றன. இதுவே சிலிகோசிஸ். வழக்கமாகப் பத்து முதல் இருபது ஆண்டுகள் தூசியில் இருந்தவருக்கு வரும். தூசி மிக அதிகமான இடங்களில் ஐந்து ஆண்டுக்குள்ளும், அரிதாகச் சில மாதங்களிலும் வரக்கூடும். வேலையை விட்ட பிறகும் தழும்பு வளரலாம். அதைக் கரைக்கும் மருந்து இன்றுவரை இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் படிகச் சிலிக்காவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது.

பீங்கான் தொழிலில் ஒரு நுணுக்கம் உண்டு. சீனாவின் டங்ஸ்டன், தகரச் சுரங்கத் தொழிலாளர்களையும் பீங்கான் தொழிலாளர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், ஒரே அளவு சிலிக்காவைச் சுவாசித்தும் பீங்கான் தொழிலாளர்களுக்குச் சிலிகோசிஸ் குறைவாகவும் தாமதமாகவும் வந்தது தெரிந்தது. குவார்ட்ஸ் துகளின் மேல் களியின் அலுமினியக் கலவை மெல்லிய உறையாகப் படிவது இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. இது ஆறுதலான செய்திபோலத் தோன்றும். நடைமுறையில் இதற்கு வேறொரு விளைவும் உண்டு: நோய் தாமதமாக வருவதால், வரும்போது ஐம்பதைத் தாண்டிய வயதின் மீதோ பீடியின் மீதோ பழி போய்விடுகிறது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தொடக்கநிலைச் சிலிகோசிஸ் பெரும்பாலும் இருமலே இல்லாமல் எக்ஸ்ரேயில் மட்டும் தெரியும். அதேபோல், எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் தூசியால் மூச்சுக்குழாய் புண்பட்டு ஆண்டுக்கணக்கில் சளியோடு இருமுபவர்களும் உண்டு. உலக அளவில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு வேலையிடத்துத் தூசியாலும் புகையாலும் வருவது என்று அமெரிக்க மார்புநோய்ச் சங்கம் மதிப்பிட்டுள்ளது. ஆகவே “எக்ஸ்ரே நார்மல்” என்ற இரண்டு சொற்கள் தூசியைக் குற்றத்திலிருந்து விடுவித்துவிடாது.

இந்த நோய்க்கு முன்னூறு ஆண்டு வரலாறு உண்டு. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் குயவர்கள் 1720-களில் களியோடு சுட்டுப் பொடித்த தீக்கல்லைச் சேர்த்து வெள்ளைப் பாத்திரம் செய்யத் தொடங்கினார்கள். அந்தக் கல்லை உலர்வாக அரைத்தவர்கள் இருமி இருமிச் சீக்கிரமே இறந்தார்கள். தாமஸ் பென்சன் என்பவர் 1726-இலேயே தண்ணீருக்குள் வைத்து அரைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அரைப்பதில் தீர்வு கிடைத்தும் பிசிறு எடுப்பிலும் அடுக்குவதிலும் தூசி தொடர்ந்தது. குயவர் ஆஸ்துமா என்ற பெயர் அங்கே இருபதாம் நூற்றாண்டு வரை வழங்கியது. தீக்கல் பொடிக்குப் பதில் அலுமினா, உலர்ந்த தரையைப் பெருக்கத் தடை, தூசி பிடிக்காத செயற்கை இழைச் சட்டை, ஒவ்வொரு மேசையிலும் தூசியை உறிஞ்சும் குழாய் என்று ஒவ்வொன்றாகச் சட்டத்தில் ஏறிய பிறகே நோய் அடங்கியது. பென்சனின் காப்புரிமைக்கும் அந்த விதிகளுக்கும் இடையே இருநூறு ஆண்டுக்கு மேல் கழிந்திருந்தது. வழி தெரியாமல் இருந்த காலம் அல்ல அது. கட்டாயம் இல்லாமல் இருந்த காலம்.

இந்தியாவில் வெவ்வேறு தொழில்களில் நடந்த ஆய்வுகள் சிலிகோசிஸ் அளவை ஆயுதத் தொழிற்சாலையில் 3.5 விழுக்காடு முதல் சிலேட்டுக் குச்சித் தொழிலில் 54.6 விழுக்காடு வரை காட்டின. சிறு பீங்கான் பட்டறைகள் பற்றி 1995-இல் வெளியான ஆய்வில் அது ஏறத்தாழ 15 விழுக்காடு.

தூசியல்லாத காரணங்கள்

பட்டறைக்காரர் இருமினால் எல்லாமே தூசிதான் என்று முடிவுகட்டுவதும் பிழை. மூக்கிலிருந்து தொண்டைக்கு ஒழுகும் சளி, ஆஸ்துமா, இரைப்பை அமிலம் மேலேறுவது ஆகிய மூன்றும் உலகெங்கும் நாட்பட்ட இருமலின் முதன்மைக் காரணங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பும் வறட்டு இருமலில், வீசிங் சத்தமே இல்லாவிட்டாலும், ஆஸ்துமாவைச் சந்தேகிக்க வேண்டும். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் எதுவும் இல்லாதவருக்கு இருமலுக்கென்று அமிலம் குறைக்கும் மாத்திரை கொடுப்பதால் பயனில்லை என்பது இப்போதைய நிலைப்பாடு. ஆனாலும் அந்த மாத்திரை இல்லாத மருந்துச்சீட்டைக் காண்பது அரிது.

ரத்த அழுத்தத்துக்கான எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகள் சிலருக்குத் தொண்டை அரிப்போடு வறட்டு இருமலைத் தருகின்றன. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருவது பெரிய நன்மை. அந்த மாத்திரையின் பெயரை இருமலுக்கு வரும்போது மருத்துவரிடம் காட்ட வேண்டும். இவ்வகை மாத்திரையாக இருந்தால் மருத்துவர் வேறு வகைக்கு மாற்றுவார். பெரும்பாலும் சில வாரங்களில் இருமல் போய்விடும். தானாக நிறுத்துவது கூடாது.

இந்த வட்டாரத்துக்கே உரிய புகைகளும் உள்ளன. பண்ருட்டி, விருத்தாசலம் பகுதியில் முந்திரிக்கொட்டையை வறுக்கும்போது எழும் ஓட்டெண்ணெய்ப் புகை கண்ணையும் தொண்டையையும் சேர்த்து எரிக்கும். விறகடுப்புப் புகையில் முப்பது ஆண்டு சமைத்த பெண்ணின் நுரையீரல், பீடி பிடித்தவரின் நுரையீரலைப்போல ஆகிவிடக்கூடும். பீடியும் சிலிக்காவும் சேர்ந்தால் பாதிப்பு பெருகும். எனினும் பீடி பிடித்தார் என்ற ஒன்றைச் சொல்லித் தூசிக்கான பொறுப்பைத் தட்டிக் கழிக்க முடியாது.

காசநோயோடு சிக்கல்

சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய்க் கிருமி எளிதாகக் குடியேறுகிறது. சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிடக் குறைந்தது மூன்று மடங்கு. தூசியைத் தின்று செத்த காவல் செல்கள்தான் கிருமியையும் தடுக்க வேண்டியவை என்பதே காரணம். சிலிக்காத் தூசி உள்ள வேலையிடங்களில் முறையாகக் காசநோய்ப் பரிசோதனை நடத்த வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. சிலிகோசிஸ் உறுதியானவருக்குக் காசநோய்த் தடுப்பு மருந்து தருவதையும் அது பரிந்துரைக்கிறது.

குழப்பம் இரண்டு திசையிலும் நடக்கிறது. மேல் நுரையீரலில் முடிச்சு முடிச்சாகத் தெரியும் சிலிகோசிஸ் எக்ஸ்ரேயில் காசநோயைப்போலவே இருக்கும். சளியில் கிருமி இல்லை என்று வந்தும் ஆறு மாத மருந்து கொடுக்கப்பட்டு, இருமல் நிற்காமல் மறுபடியும் ஆறு மாதம் தொடர்ந்த கதைகள் இந்தியாவின் தூசித் தொழில் ஊர்களில் ஏராளம். இதற்கு எதிரான தவறும் உண்டு: “தூசி இருமல்தான்” என்று விட்டுவிட்டு, உள்ளே வளரும் காசநோயைக் கவனிக்காமல் போவது. இரண்டு தவறையும் தவிர்க்க இரண்டு படிகள் வேண்டும். சளியை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். நோயாளி என்ன வேலை செய்தார், எத்தனை ஆண்டு செய்தார் என்று கேட்டு எழுத வேண்டும். முதலாவது அரசு மருத்துவமனைகளில் இலவசம். இரண்டாவதற்குச் செலவே இல்லை, ஆயினும் ஓ.பி. சீட்டில் பெயர், வயது, பாலினம் இருக்க, வேலை என்ற இடம் காலியாகவே இருக்கிறது.

இருமலோடு வாழ்வது

இருமலின் சுமை மருத்துவ அறிக்கையில் வருவதில்லை. நாளுக்கு நூற்றுக்கணக்கான முறை இருமுபவருக்கு இரவுத் தூக்கம் உடைகிறது, பக்கத்தில் படுத்திருப்பவருக்கும்தான். விலா வலிக்கிறது, சில வேளை விலா எலும்பில் கீறலே விழுகிறது. அடுக்கிய இருமலில் சிலர் மயங்கிச் சரிகிறார்கள். நடுவயதுப் பெண்கள் பலருக்கு இருமும்போது சிறுநீர் கசிகிறது. இதை அவர்கள் மருத்துவரிடம் சொல்வதில்லை, மகளிடம்கூடச் சொல்வதில்லை. கல்யாண வீட்டுக்கும் பேருந்துப் பயணத்துக்கும் போவதை நிறுத்திவிடுகிறார்கள். மேல்நாடுகளில் இருமலின் சுமையை அளக்கப் பயன்படும் லெஸ்டர் வினாப்பட்டியலில் 19 கேள்விகள் உள்ளன. உடல், மனம், சமூக வாழ்க்கை மூன்றையும் அது தொடுகிறது. நம் ஊரில் அவற்றில் ஒன்றைக் கேட்டாலே போதும்: “இருமலால் எங்கெங்கே போவதை நிறுத்திவிட்டீர்கள்?”

கொரோனாவுக்குப் பிறகு இருமுபவரைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. அதற்கு முன்பிருந்தே காசநோய் என்ற சந்தேகம் அவர்களைச் சுற்றி இருந்தது. பெண் பார்க்க வரும் வீட்டில் அது பெரிய தடை. பட்டறையிலோ இருமுபவர் வேலையிலிருந்து நிறுத்தப்படுவோமோ என்று அடக்கிக்கொண்டு உட்காருகிறார். அன்றாடக் கூலிக்காரருக்கு ஒரு நாள் மருத்துவமனை என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. கடலூருக்கோ சிதம்பரத்துக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போக வேண்டியிருந்தால், துணைக்கு வருபவரின் கூலியும் சேர்ந்து போகிறது. இதனால்தான் மருந்துக்கடையில் நின்று ஒரு பாட்டில் டானிக் வாங்குவது வழக்கமாகிவிட்டது.

தேடும் வரிசையும் சிகிச்சையும்

தேடலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் அபாய அறிகுறிகள்: சளியில் ரத்தம், உடல் எடை குறைவு, மாலைக் காய்ச்சல், குரல் கம்மல், நடந்தால் மூச்சிரைப்பு. இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. அடுத்து வேலை, பீடி, சிகரெட், அடுப்பு, சாப்பிடும் மாத்திரைகள் பற்றிய விசாரணை. பிறகு மார்பு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை, குழாயில் ஊதிக் காட்டும் ஸ்பைரோமெட்ரி. தொழில்சார் நோய்க்கான எக்ஸ்ரேயைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டு வகைப்படுத்துவது முறை. அதற்குப் பயிற்சி பெற்ற கண் வேண்டும். பாதிப்பை முன்கூட்டியே காட்டக்கூடிய, சிசி-16 என்ற புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனை ஒன்றை அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் உருவாக்கியிருக்கிறது.

காரணம் தெரிந்தால் பெரும்பாலான இருமல் அடங்கும். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர், அது பழக்கமாகிவிடும் என்ற பயம் ஆதாரமற்றது. மாத்திரையாகவோ ஊசியாகவோ போகும் மருந்தைவிட மிகச் சிறிய அளவே அதில் உள்ளே போகிறது. சரியாக இழுக்கத் தெரியாததுதான் உண்மையான பிரச்சினை. ஒவ்வொரு முறையும் மருத்துவர் முன்னால் இழுத்துக்காட்டச் சொல்வது நல்லது. சிலிகோசிஸ் உள்ளவருக்கு முதல் சிகிச்சை தூசியிலிருந்து விலக்குவது. அதன்பின் மூச்சுப் பயிற்சி, தடுப்பூசிகள், பீடி நிறுத்தம், காசநோய்க் கண்காணிப்பு, தேவைப்பட்டால் ஆக்சிஜன். குணமாகாது என்பதற்காகச் செய்ய ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவது மருத்துவமல்ல.

டானிக்குகளைப் பற்றிக் கறாராகச் சொல்ல வேண்டும். நாட்பட்ட இருமலில் அவற்றால் கிடைக்கும் பலன் மிகச் சொற்பம். குழந்தைகளுக்கு அவை தீங்காகவும் முடியலாம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தில் 48.6 விழுக்காடு டை எத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு இருந்ததை 2025 அக்டோபரில் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டறிந்தது. அதைக் குடித்த மத்தியப் பிரதேசக் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள்.

வீட்டு வைத்தியத்தை இகழ வேண்டியதில்லை. இன்று உலகெங்கும் சளி இளக்கப் பயன்படும் புரோம்ஹெக்சின், ஆடாதோடை இலையின் வேதிப்பொருளைப் பின்பற்றி உருவானதே. ஆடாதோடை மணப்பாகு, அதிமதுரம், சித்தரத்தை, வெந்நீரில் தேன் ஆகியவை தொண்டைக்கு இதம் தரும் (ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது). இதம் தருவதும் காரணத்தைத் தீர்ப்பதும் வெவ்வேறு. இரண்டு மாதம் கஷாயம் குடித்துவிட்டு எக்ஸ்ரே எடுக்க வருபவர், அந்த இரண்டு மாதத்தை இழந்துவிட்டுத்தான் வருகிறார்.

எல்லாம் தேடியும் காரணம் கிடைக்காத இருமல் ஒன்று உண்டு. அதில் இருமலைத் தூண்டும் நரம்புகளே மிகைக் கூச்சம் அடைந்துவிடுகின்றன. பேச்சு, சிரிப்பு, ஊதுபத்திப் புகை, குளிர்காற்று எதுவும் அதைக் கிளப்பிவிடும். ஐரோப்பியச் சுவாசச் சங்கம் 2014-இல் இதை இருமல் மிகைக்கூச்சம் என்ற தனி நிலையாகவே விவரித்தது. தூசியில் வேலை செய்தவருக்கும் இது வரலாம். பேச்சுப் பயிற்சியாளரிடம் கற்கும் முறை இதற்கு நல்ல பலன் தருவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது: அரிப்பு வந்ததும் இருமாமல் ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்குவது, உதட்டைக் குவித்து மெல்ல மூச்சு விடுவது, தொண்டையைக் கனைக்கும் பழக்கத்தை விடுவது. நரம்பைத் தணிக்கும் காபாபென்டின், மிகக் குறைந்த அளவு மார்ஃபின் ஆகியவை மருத்துவரின் கண்காணிப்பில் சிலருக்குத் தரப்படுகின்றன. இருமல் நரம்பின் ஒரு வாயிலை அடைக்கும் ஜெஃபாபிக்சன்ட் என்ற புதிய மருந்தை ஜப்பான் 2022-இலும் ஐரோப்பா 2023-இலும் ஏற்றன. பலன் போதாது என்று அமெரிக்கா மறுத்துவிட்டது. நாக்கின் சுவையைக் கெடுப்பது அதன் பக்கவிளைவு.

சட்டம் எட்டும் தூரம்

சிலிகோசிஸ் கண்டறிந்த மருத்துவர் தொழிற்சாலை ஆய்வுத் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது 1948 தொழிற்சாலைச் சட்டம் முதலே உள்ள விதி. தூசிக்கும் அச்சட்டம் வரம்பு வகுத்தது. கால் பங்கு குவார்ட்ஸ் உள்ள தூசிக்கு அதன் வாய்பாட்டின்படி கணக்கிட்டால், காற்றில் கனமீட்டருக்கு ஏறத்தாழ 0.09 மில்லிகிராம் குவார்ட்ஸ் வரை அனுமதி. அமெரிக்கா 2016-இல் வகுத்த வரம்பு 0.05. நம் வரம்பு தளர்வானது. அதையும் சிறு பட்டறைகளில் அளந்து பார்ப்பவர் அரிது.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச உடற்பரிசோதனை என்று சொல்கிறது, நல்ல விதி. ஆனால் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தைத் தொழிற்சாலையாகக் கருத முன்பு பத்துத் தொழிலாளர் போதும்; இப்போது இருபது பேர் வேண்டும். ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் பீங்கான் பட்டறை முன்பும் வெளியே இருந்தது. இப்போது இன்னும் தள்ளிப் போய்விட்டது. ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவருக்குச் சிலிகோசிஸ் தொழில்நோயாக ஏற்கப்பட்டு ஊனப்பயன் கிடைக்கும். அது பொதுவாகப் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களுக்கே. சம்பளச் சீட்டே இல்லாதவர், தாம் அங்கே வேலை செய்ததை நிரூபிப்பதிலேயே தோற்றுவிடுகிறார்.

மாநிலம் மனம் வைத்தால் இதைத் தாண்ட முடியும் என்பதற்கு ராஜஸ்தான் சான்று. அங்கே 2019-இல் வந்த கொள்கையின்படி சிலிகோசிஸ் சான்று பெற்றவருக்கு 3 லட்சம் ரூபாயும், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சமும் தரப்படுகின்றன. எந்த முதலாளியிடம் வேலை செய்தார் என்று நிரூபிக்கும் சுமை அதில் பெருமளவு குறைந்தது. குஜராத்தின் கோத்ராவில் குவார்ட்ஸ் அரவை ஆலைகளில் வேலை செய்து இறந்த 238 மத்தியப் பிரதேசத் தொழிலாளர்களின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2016-இல் உச்ச நீதிமன்றம் குஜராத் அரசுக்கு உத்தரவிட்டது.

தூசியை நிறுத்துவது

பணம் அதிகம் கேட்காத வழிகளே முதலில் வர வேண்டும். பொருள் முழுதும் காய்வதற்கு முன், தோல்போல ஈரம் இருக்கும் பதத்திலேயே விளிம்பைச் சீவி, மிச்சத்தை ஈரப் பஞ்சால் துடைத்துச் சமப்படுத்தினால் பிசிறுத் தூசியில் பெரும்பகுதி எழவே எழாது. தரையைப் பெருக்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது, வாயால் ஊதுவதை அறவே விடுவது, மூட்டையை மில்லின் வாய்க்கு அருகில் வைத்து மெல்லச் சரிப்பது, வேலைத்துணியைப் பட்டறையிலேயே கழற்றி நனைத்து வைப்பது ஆகியவற்றுக்கு இயந்திரம் வேண்டாம். அடுத்த படியில் பிசிறு மேசைக்கு உறிஞ்சு குழாயும், கிளேஸ் தெளிக்க அடைப்புக் கூண்டும் வரும். இவற்றைத் தனிப் பட்டறையைவிடத் தொழிற்பேட்டை முழுமைக்குமாகச் செய்வது எளிது. அரைத்துப் பிசைந்த ஈரக் களியை ஒரு பொது மையமே எல்லாருக்கும் வழங்கினால் மூட்டை பிரிக்கும் தூசி பட்டறைகளிலிருந்து மொத்தமாக நீங்கும். முகக்கவசம் கடைசிப் படி. அணிவதானால் முகத்தில் இறுகப் பொருந்தும் என்-95 வகை வேண்டும். விருத்தாசலத்துச் சித்திரை வெயிலில் சூளைப் பக்கம் எட்டு மணி நேரம் அதை யாரும் அணியமாட்டார்கள் என்பதையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

தொழிலாளர் தம் பங்குக்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எடுத்த எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை முடிவு, ஊதிக் காட்டிய தாள் ஒவ்வொன்றையும் தேதியோடு ஒரு பையில் பத்திரப்படுத்தி, எந்தப் பட்டறையில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்ன வேலை என்று ஒரு தாளில் எழுதி அதோடு வைக்க வேண்டும். பத்து ஆண்டு கழித்து மருத்துவருக்கும் இழப்பீட்டு அலுவலகத்துக்கும் அதைவிடப் பெரிய சான்று இருக்காது.

காசநோயைத் தேடித் தமிழ்நாட்டின் கிராமங்களுக்குப் போய்வரும் நடமாடும் எக்ஸ்ரே வண்டிகள் ஏற்கெனவே உள்ளன. வேலையிடத்துக்கே போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் தொழிலாளரைத் தேடி மருத்துவம் திட்டமும் 2024 முதல் நடக்கிறது. இரண்டையும் சேர்த்து ஆண்டுக்கு ஒரு முறை பீங்கான் தொழிற்பேட்டை வாசலில் நிறுத்தி, பத்து ஆண்டுக்கு மேல் களியில் வேலை செய்த ஒவ்வொருவருக்கும் எக்ஸ்ரேயும் ஸ்பைரோமெட்ரியும் செய்வதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. மாவட்டச் சுகாதாரத் துறையும் தொழிலாளர் துறையும் சேர்ந்து ஒரு தேதி குறித்தால் போதும்.